பணம் இருந்தது, மனு எழுத ஆள் இல்லை

நன்கொடை கேட்டு மனு எழுதுவது என்றால் நம் வயதுக்காரர்கள் பலருக்குக் கொஞ்சம் கூச்சம்தான். யாரிடமோ போய்க் கை நீட்டுவது போலத் தோன்றும். நான் வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன். அடுத்தவர் எழுதிய மனுவைப் படித்து, வேண்டும் வேண்டாம் என்று குறிப்பு எழுதுவதே என் வேலை. ஓய்வுக்குப் பிறகு மேசையின் அந்தப் பக்கம் போய்விட்டேன். கோவையில் எங்கள் பகுதியில் ஒரு சிறு அறக்கட்டளை, பள்ளியை முடித்தும் முடிக்காமலும் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு மோட்டார் வைண்டிங், வீட்டு வயரிங், லேத் வேலை எல்லாம் கற்றுக்கொடுக்கிறது. அதற்கு நிதி கேட்டு மனு எழுதுவதும், வந்த காசுக்குக் கணக்கு எழுதுவதும் இப்போது என் பொறுப்பு.

இந்த வேலையில் இறங்கியபின், நம் நாட்டில் இளைஞர்களைக் கைதூக்கி விட்ட தருமப் பணம் எப்படியெல்லாம் வந்தது, எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. கொடுக்க நினைத்தவர்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. தேவைப்பட்ட பையனும் எப்போதும் இருந்தான். இரண்டுக்கும் நடுவில் நின்று முறையாக எழுதிக் கேட்க ஒருவர் இருந்த இடத்தில் மட்டும்தான் காரியம் நடந்திருக்கிறது.

முதலில் பச்சையப்ப முதலியார் கதை. சென்னையில் படித்தவர்கள் அந்தக் கல்லூரியைத் தாண்டி ஆயிரம் தடவை போயிருப்பார்கள். பிறக்கும் முன்பே தகப்பனாரை இழந்து, ஒரு துபாஷியின் ஆதரவில் வளர்ந்து, தாமும் துபாஷியாகிப் பெரும் பொருள் சேர்த்தவர் அவர். 1794-ல், நாற்பது வயதிலேயே காலமானார். இறப்பதற்குச் சில நாள் முன்பு உயில் எழுதி வைத்தார். கோயில் கட்டளைகளுக்கும் தருமங்களுக்கும் அதில் பெரும் பொருள் ஒதுக்கியிருந்தார்.

பொருள் இருந்தது, உயிலும் இருந்தது, ஆனால் அவர் நினைத்தபடி எதுவும் உடனே நடக்கவில்லை. பொறுப்பில் இருந்தவர்கள் கைமாற, வழக்கு மேல் வழக்காக வருடங்கள் ஓடின. பணம் மட்டும் வட்டியோடு வளர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் நீதிமன்றமே தலையிட்டது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதில் மிகுந்த அக்கறை காட்டினார். கோயில், சத்திரக் கட்டளைகள் போக மிஞ்சிய உபரியைப் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடலாம் என்று ஒரு திட்டம் எழுத்தில் வந்தது. அறங்காவலர் குழு அமைந்தது. 1842-ல் பள்ளி திறந்தது.

1794 எங்கே, 1842 எங்கே? நாற்பத்தெட்டு வருடம். அந்த இடைவெளியில் சென்னையில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். பெட்டியில் பணம் பத்திரமாகத்தான் இருந்தது. 'இன்ன காரியத்துக்கு, இன்னாருக்கு, இந்த முறையில்' என்று எழுதிய தாள் வந்தபிறகுதான் ஒரு பையனாவது பெஞ்சில் உட்கார முடிந்தது. எழுதிய தாளுக்கு வேலி போடும் குணமும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கல்லூரியில் இந்துக்களுக்கு மட்டுமே இடம் என்ற விதி 1947 வரை இருந்து, அதன் பிறகுதான் நீங்கியது.

இரண்டாவது கதை பம்பாயில். 1892-ல் ஜாம்ஷெட்ஜி டாட்டா, வெளிநாடு போய் மேற்படிப்புப் படிக்க விரும்பும் இந்திய இளைஞர்களுக்காக ஒரு நிதியை ஏற்படுத்தினார். தொடக்கத்தில் பார்சிகளுக்கென்று இருந்தது, இரண்டொரு வருடத்தில் எல்லா இந்தியருக்கும் திறந்துவிடப்பட்டது. கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் இதில் எனக்குப் பிடித்தது அதன் அமைப்புதான். அவர் தானமாகக் கொடுக்கவில்லை, கடனாகக் கொடுத்தார். மனு போட வேண்டும், தேர்வுக்கு வர வேண்டும், படித்துச் சம்பாதிக்கத் தொடங்கியதும் திருப்பிக் கட்ட வேண்டும். திரும்பி வரும் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும்.

வாங்குகிறவனுக்கும் இதில் ஒரு மரியாதை இருக்கிறது. தலை குனிய வேண்டியதில்லை. உழவூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கே.ஆர். நாராயணன், டாட்டா உதவித்தொகையில்தான் லண்டன் போய்ப் படித்தார். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணாவும் அதே நிதியில் படித்தவர். நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்த நிதி இன்னும் நடக்கிறது. தானமாகக் கொடுத்துத் தீர்த்திருந்தால் இத்தனை காலம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மூன்றாவது கதை நம் ராமானுஜன். அவர் கணித மேதை என்பது எல்லோருக்கும் தெரியும். உதவித்தொகை என்ற கோணத்தில் அவர் வாழ்க்கையைப் பார்த்தால் வேறு ஒரு பாடம் கிடைக்கிறது.

கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் போகாததால் மற்ற பாடங்களில் தோற்று, அதை இழந்தார். அப்புறம் சென்னைக்கு வந்து, மேலே சொன்ன அதே பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை. நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் கொஞ்ச காலம் மாதாமாதம் தம் கைப்பணத்தைக் கொடுத்துத் தாங்கினார். தனிமனிதர் தயவிலேயே நீண்ட நாள் இருக்க ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அந்த வேலைக்கான மனுவோடும் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் இணைந்திருந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. துறைமுகத்தில் அவருக்கு மேலதிகாரியான நாராயண ஐயரும், தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவர் திறமையை அறிந்திருந்தார்கள். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், தாமே பெரிய கணித அறிஞர், 1913 பிப்ரவரியில் துறைமுகத்துக்கு வந்தபோது ராமானுஜனின் வேலையை அவருக்குக் காட்டினார்கள். பார்த்தவர் சும்மா பாராட்டிவிட்டுப் போகவில்லை. இந்தப் பையன் வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லாமல் சில வருடம் கணிதத்தில் ஈடுபட வழி செய்யுங்கள் என்ற கருத்தில் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பொறியியல் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் அனுமந்த ராவ் அதைப் பாடத்திட்டக் குழுவில் எடுத்துவைத்தார். மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு என்று பரிந்துரை ஆயிற்று.

அங்கே ஒரு முட்டுக்கட்டை. ஆராய்ச்சி உதவித்தொகை எம்.ஏ. முடித்தவர்களுக்கு என்பது விதி. இவரோ எஃப்.ஏ. கூடத் தேறாதவர். ஆட்சிக்குழுவில் ஆட்சேபம் எழுந்தது. துணைவேந்தராக இருந்த நீதிபதி சுந்தரம் ஐயர், ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் நோக்கங்களில் ஒன்று என்று சட்டத்தின் முகவுரையிலேயே இருப்பதை எடுத்துக்காட்டி வாதாடினார். விதி வழிவிட்டது. 1913 மே மாதம் முதல் பணம் வந்தது. ஒரு நிபந்தனை: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செய்த வேலையை அறிக்கையாகத் தர வேண்டும். ராமானுஜன் அதன்படியே மூன்று அறிக்கைகள் தந்தார். மறு வருடம் மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அதற்கும் வருடம் 250 பவுன் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம்.

எண்ணிப் பாருங்கள். மேதை ஒருவர். அவருக்காகப் பேனா பிடித்தவர்களும் வாதாடியவர்களும் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர், 'நமக்கென்ன, விதி இல்லையே' என்று இருந்திருந்தால், துறைமுகக் கணக்குப் புத்தகத்திலேயே அந்தக் கை ஓய்ந்திருக்கும்.

எங்கள் ஊருக்கு வருகிறேன். பீளமேடு பி.எஸ். கோவிந்தசாமி நாயுடு 1918-ல் மறைந்தார். 1926-ல் அவருடைய நான்கு பிள்ளைகள் பாகம் பிரித்தபோது சொத்தை நான்காகப் பிரிக்கவில்லை, ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தருமத்துக்கு. தருமத்தையும் கூடப்பிறந்த ஒருவனாக வைத்துக்கொண்டார்கள் என்று இங்கே பெரியவர்கள் சொல்வது வழக்கம். அந்தப் பங்கின் மதிப்பு 2,01,000 ரூபாய். அதே வருடம் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கினார்கள். உற்பத்தி நடக்கும் பட்டறையையும் பிள்ளைகள் கற்கும் இடத்தையும் ஒன்றாக வைத்ததுதான் அதன் சிறப்பு. பம்பும் மோட்டாரும் விற்பனைக்குப் போகும். அவற்றைச் செய்தபடியே பையன்கள் தொழில் கற்பார்கள். கோவையில் இத்தனை பம்பு செட் தொழில் பெருகியதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்த ஐந்தாவது பங்கும் அவற்றில் ஒன்று என்று இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கமே பெரிய அளவில் தொழிற்பயிற்சியில் இறங்கியது. ஐ.டி.ஐ.கள் வந்தன. 1961-ல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. தருமப் பணத்துக்கும் புதிய வழிகள் பிறந்தன, கூடவே புதிய வேலிகளும். வெளிநாட்டு நன்கொடைக்கு 1976-ல் ஒரு சட்டம், 2010-ல் அதற்குப் பதில் வேறொன்று, 2020-ல் அதில் கடுமையான திருத்தம். வெளிநாட்டுப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்கின் ஒரே கிளையில்தான் முதலில் வர வேண்டும். வாங்கியவர் அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரிய அமைப்பு வாங்கி ஊர்ப்புறத்துச் சிறு அமைப்புக்குக் கொடுத்துவந்த வழி அதோடு அடைபட்டது.

உள்நாட்டில் திறந்த பெரிய வாசல் 2013 கம்பெனிகள் சட்டம். ஒரு வருடத்தில் 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் நடைமுறை. சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சட்டத்தின் ஏழாம் அட்டவணை பட்டியலிடுகிறது. வேலைவாய்ப்பைப் பெருக்கும் தொழில் திறன் பயிற்சி அதில் வெளிப்படையாகவே இருக்கிறது.

அப்படியானால் சிறு அறக்கட்டளைகளுக்கு யோகம்தானே என்று தோன்றும். வாசல் பெரிதுதான், படிகள் உயரம். வருமான வரித்துறையின் பதிவு வேண்டும், 80ஜி வேண்டும். முன்பு ஒருமுறை வாங்கினால் போதும் என்றிருந்தது, இப்போது கெடு வைத்துப் புதுப்பிக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவம் போட்டு எண் வாங்க வேண்டும். அதே மாதிரிப் பணியில் மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும். தணிக்கை செய்த கணக்கு வேண்டும். இதெல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஊரார் பணத்தை வாங்கி ஏப்பம் விட்டவர்களும் இருந்திருக்கிறார்களே. ஆனால் லேத் கற்றுக்கொடுக்கத் தெரிந்த மனிதருக்குப் படிவம் நிரப்பத் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அங்கேதான் பல நல்ல முயற்சிகள் நின்றுபோகின்றன.

எங்கள் அறக்கட்டளையும் அந்த இடத்தில் தடுமாறியது. வழக்கமாக உதவிவந்த ஒரு நிறுவனம் ஒரு வருடம் நிறுத்திக்கொண்டது. வேறு இரண்டு இடங்களில் போட்ட மனு திரும்பி வந்தது. 'திட்டத்தில் புதுமை இல்லை' என்று ஓரிடத்தில் ஒரே வரி. மோட்டார் வைண்டிங்கில் என்ன புதுமையை நுழைப்பது? செம்புக் கம்பியைச் சுற்றினால்தான் மோட்டார் ஓடும். வாடகை மூன்று மாதம் பாக்கி. பழைய லேத்தை விற்றுவிடலாமா என்று பேச்சு வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் வகுப்பில் இருபது பேர் பாதிப் பயிற்சியில் இருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு வங்கிப் பழக்கம் கைகொடுத்தது. கடன் மனு வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது, மாடு வாங்கியபின் பால் எங்கே போகும் என்பதைத்தான். இங்கேயும் அதே கேள்வியைப் போட்டேன். பயிற்சி முடித்தவன் மறுநாள் காலை எங்கே போகிறான்? பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து, முந்தைய மூன்று வருடம் படித்த பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்தோம். என்ன வேலை, எந்தப் பட்டறை, மாதம் எவ்வளவு, வேலையை விட்டிருந்தால் ஏன் என்று ஒரு நோட்டில் எழுதினோம். எண் மாறிப்போனவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்தோம்.

அந்த நோட்டு எங்களுக்கே தெரியாத ஒன்றைச் சொன்னது. பாதியில் நின்றவர்களில் பெரும்பாலோர் கற்கப் பிடிக்காமல் நிற்கவில்லை. பஸ் காசுக்கும் மத்தியானச் சோற்றுக்கும் வழியில்லாமல் நின்றார்கள். ஒரு பையன், அம்மா கட்டட வேலைக்குப் போகிறவர், தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்து, மழைக்காலத்தில் நின்றுவிட்டான். இப்போது ஒரு ஓட்டலில் மேசை துடைக்கிறான் என்று அவன் அம்மா சொன்னார். வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா சார் என்று கேட்டார்.

அடுத்த மனுவில் புதுமை எதுவும் எழுதவில்லை. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள், நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று எழுதி, பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் தனித்தனியே ஒரு வரி போட்டோம். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் மூவர், தேறியவர்களை எடுத்துக்கொள்கிறோம் என்று கடிதம் தந்தார்கள். அதை இணைத்தோம். ஒரு நடுத்தரக் கம்பெனியிலிருந்து அதிகாரி நேரில் வந்தார். மனுவைவிட அந்த நோட்டைத்தான் அதிக நேரம் புரட்டினார். வாடகையும் அடைந்தது, லேத்தும் தப்பியது. அந்தப் பையன் மறு தொகுதியில் வந்து சேர்ந்து, இப்போது ஒரு பம்பு கம்பெனியில் வைண்டிங் பிரிவில் இருக்கிறான்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கொடுக்கிறவர் அளக்கத்தான் செய்வார். அளவுகோலை நாமே நேர்மையாக எடுத்துக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ராமானுஜன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுத்தார் என்றால், நாம் நோட்டு வைப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

ராமானுஜனைப் பற்றி இன்னொன்றும் உண்டு. 1919 ஜனவரியில் இங்கிலாந்தில் உடல் நலிந்திருந்தபோது அவர் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்குத் தர முடிவாகியிருக்கும் தொகை தம் தேவைக்கு மேற்பட்டது, பெற்றோருக்கு வருடம் 50 பவுன் கொடுத்து, தம் அவசியச் செலவும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தைக் குறைப்பதற்கும் புத்தகங்களுக்கும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அடுத்த வருடம் ஏப்ரலில் அவர் மறைந்தார். சம்பளம் கட்ட முடியாமல் நின்றவனின் நிலை அவருக்குத் தெரியும்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அலுவலகங்களில் ஃபைல் எழுதியவர்கள், பள்ளியில் பதிவேடு வைத்தவர்கள், தணிக்கைக்குப் பதில் சொன்னவர்கள். நம் வீட்டில் அந்தத் திறமைக்கு இப்போது மின்கட்டண ரசீதைச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. உங்கள் தெருவுக்குப் பக்கத்திலும் ஒரு தையல் வகுப்போ, கம்ப்யூட்டர் வகுப்போ, வயரிங் வகுப்போ தட்டுத்தடுமாறி நடந்துகொண்டிருக்கும். ஒருநாள் போய், பதிவேடு இருக்கிறதா, படித்து முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் இரண்டு ரூல் போட்ட நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். கம்பெனிகளின் கணக்கு வருடம் மார்ச்சில் முடியும். அதனால் தீபாவளிக்குள் மனு தயாராக இருப்பது நல்லது.